கல்யாண விருந்து ஒன்று வந்தால் மொத்த டயட்டும் காலி. எனக்கு மனசு போதவில்லையா?

ஈரோட்டுக்_கணக்கர்

எல்லோருக்கும் வணக்கம். வயது 43, உயரம் 168 செ.மீ., எடை 94 கிலோ. ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதரைக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு ஒருமுறை, அப்புறம் இரவு எட்டு மணிக்கு ஒருமுறை எழுந்திருப்பதுதான் உடற்பயிற்சி.

போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 114, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1. "இன்னும் சுகர் வரல, ஆனா வாசல்ல வந்து நிக்குது. எடையைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என்ன சாப்பிட வேண்டும் என்று தெரியாமல் நான் கேட்கவில்லை. காலையில் இரண்டு இட்லி, ஒரு முட்டை. மதியம் சோறு குறைத்துக் காய் கூட்டுவது. டீக்குச் சர்க்கரை கிடையாது. இரவு எட்டரைக்கு மேல் வாயைத் திறப்பதில்லை. இப்படி இரண்டு மூன்று வாரம் அச்சுப் பிசகாமல் இருப்பேன். மூன்று கிலோ வரை இறங்கும். அப்போது பார்த்து ஏதாவது வந்து சேரும்.

இந்த முறை வந்தது கோபியில் பெரியப்பா பேத்தி கல்யாணம். முதல் நாள் வரவேற்பில் பரோட்டா, குருமா, ரசமலாய், கடைசியில் ஐஸ்கிரீம், பீடா. மறுநாள் முகூர்த்தத்தில் நெய்ப்பொங்கல், வடை, கேசரி. பந்தியில் பக்கத்தில் பெரியப்பாவே உட்கார்ந்துகொண்டு "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க, நல்லாச் சாப்பிடு சாமி" என்று இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து எடை பார்த்தால் ஒன்றே முக்கால் கிலோ கூடியிருக்கிறது. மூன்று வாரப் பாடு ஒரே ராத்திரியில் போச்சு. சரி, ஒன்றாம் தேதியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த வாரம் முழுக்கக் கடைக்கு வந்த மசால் போண்டாவில் என் பங்கை யாருக்கும் கொடுக்கவில்லை.

"உங்களுக்கு மனசு இல்லீங்க, அவ்வளவுதான்" என்கிறாள் மனைவி. மச்சினன் பேலியோவில் (அரிசி, கோதுமையை விட்டுக் கறி, முட்டை, காய் என்று சாப்பிடும் டயட்) 16 கிலோ குறைத்தவர். "மாமா, மைண்ட்செட்டை மாத்துங்க, எடை தானா இறங்கும்" என்கிறார். அவர் சொன்னபடி பீரோ கதவின் உள்பக்கம் கல்லூரிக் காலத்துப் போட்டோவை ஒட்டி, கீழே ஸ்கெட்ச் பேனாவால் 70 என்று எழுதி, தினமும் காலையில் ஐந்து நிமிடம் அந்த உருவத்தில் என்னைக் கற்பனை செய்கிறேன். அந்த ஐந்து நிமிடம் நன்றாகத்தான் இருக்கிறது. எடை மெஷினுக்கு அது தெரியவில்லை.

எடை குறைவது நிஜமாகவே மனம் சம்பந்தப்பட்ட விஷயமா? குறைத்துக் காட்டியவர்கள் மனதில் என்னிடம் இல்லாத எது இருக்கிறது? அதைப் பழக்கிக்கொள்ள முடியுமா, இல்லை பிறவியிலேயே வர வேண்டியதா?

---

கலோரி_கந்தசாமி

மனமாவது மண்ணாங்கட்டியாவது. கணக்கு எழுதுகிறவர் நீங்களே இப்படிக் கேட்கலாமா? ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ கிட்ட இறங்கும். வரவை விடச் செலவு அதிகம், அவ்வளவுதான் விஷயம். சமையலறைக்கு ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். நிறுத்துச் சாப்பிடுங்கள். நீங்கள் சந்தோஷமாக இருக்கிறீர்களா, துக்கமாக இருக்கிறீர்களா என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியாது.

---

வைகைக்கரை_டயட்டீஷியன்

கணக்கர் சார், நான் மதுரையில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் டயட்டீஷியன். பதினைந்து வருடத்துக்கு மேல் இதே வேலைதான். பொறுமையாகப் படியுங்கள், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில், உங்களுக்கு மன உறுதி இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாயங்காலம் கடையில் எல்லோரும் போண்டா தின்ன, அந்த வாசத்துக்கு நடுவில் மூன்று வாரம் வெறும் டீ குடித்துக்கொண்டு பேரேடு பார்த்தவர் நீங்கள். அந்த அளவு உறுதி எனக்கே கிடையாது. உங்களை விழ வைத்தது கோபி ரசமலாயும் அல்ல. மறுநாள் மெஷின் மேல் நின்றுகொண்டு "எல்லாம் போச்சு" என்று நீங்களே ஒரு தீர்ப்பு எழுதினீர்களே, அதுதான்.

எங்களிடம் வருகிறவர்களுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்து, சாப்பிட்டதை எழுதிக்கொண்டு வரச் சொல்வோம். வந்ததும் நான் முதலில் தேடுவது எழுதாத பக்கங்களை. ஒரு பள்ளி ஆசிரியை கொண்டுவந்த நோட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. சிவப்பு மையில் ஓரக்கோடு, தேதி, கிழமை, நேரம், "அவரைக்காய்ப் பொரியல் 1 கரண்டி" என்று பரீட்சைத் தாள் மாதிரி அவ்வளவு சுத்தம். வெள்ளிக்கிழமை மாலை 4:10-க்கு "ஸ்டாஃப் ரூமில் கேக்" என்று எழுதி, அதை அடித்து, மறுபடியும் அழுத்தி அடித்திருந்தார். பேனா முனை தாளைக் கிழித்திருந்தது. அப்புறம் சனி, ஞாயிறு வெற்றுப் பக்கம். திங்களிலிருந்து திரும்பவும் அதே அழகான கையெழுத்து. நான் கேட்டேன்: "டீச்சர், கேக் எவ்வளவு பெரிசு?" தீப்பெட்டி அளவு என்று விரலால் காட்டினார். "சனி, ஞாயிறு?" சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு தீப்பெட்டி கேக்கால் யாரும் குண்டாவதில்லை சார். எழுதாமல் விட்ட அந்த இரண்டு நாள் இருக்கிறதே, அதில்தான் பிரியாணியும் பாதுஷாவும் போயிருக்கின்றன.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? இந்த நினைப்புதான் டயட் இருக்கிறவர்களைக் கவிழ்ப்பது. இதைச் சோதனை வைத்தே பார்த்திருக்கிறார்கள். 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கல்லூரி மாணவிகளை அழைத்து, சிலருக்கு மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு ருசி பார்த்துச் சொல்லுங்கள் என்று ஐஸ்கிரீமை முன்னால் வைத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள், மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். வயிறு நிறைந்தால் அப்படித்தானே? எந்நேரமும் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்கள் தலைகீழாக, மில்க்‌ஷேக் குடித்த பிறகு அதிகமாகத் தின்றார்கள். இன்னொரு சோதனையில், சாப்பிட்டதில் நிஜமாக எவ்வளவு கலோரி இருந்தது என்பதுகூட முக்கியமாக இல்லை. "இதில் கலோரி ஜாஸ்தி" என்று காதில் போட்டதே போதுமானதாக இருந்தது. விரதம் கெட்டுவிட்டது என்று மனம் முடிவு செய்த கணத்தில் கை தாராளமாகிவிடுகிறது.

உங்கள் ஒன்றே முக்கால் கிலோவுக்கு வருகிறேன். கந்தசாமி சார் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு கொழுப்பு ஏற வேண்டுமென்றால், உடம்பின் செலவு போக 13,000 கலோரிக்கு மேல் உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு பரோட்டாவுக்கு 300 என்று வைத்தாலும் நாற்பதைத் தாண்டும். பெரியப்பா எவ்வளவு வற்புறுத்தினாலும் அது நடக்காது. ஏறியது பெரும்பாலும் தண்ணீர். குருமாவில் இருந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவுச்சத்து கல்லீரலிலும் தசையிலும் கிளைகோஜனாகச் சேரும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் கூடவே வைத்துக்கொள்ளும். இன்னும் குடலைத் தாண்டாத சாப்பாட்டின் எடையும் உண்டு. நான்கைந்து நாள் வழக்கமாகச் சாப்பிட்டிருந்தால் இதில் முக்கால்வாசி தானே இறங்கியிருக்கும். நிஜமாக ஏறிய கொழுப்பு கால் கிலோ இருந்தால் பெரிசு. (இதற்கு மறுபக்கமும் உண்டு. மூன்று வாரத்தில் இறங்கிய மூன்று கிலோவிலும் ஒரு பங்கு தண்ணீர்தான். அதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.)

நீங்கள் கணக்கர் என்பதால் கேட்கிறேன். ஒரு நாள் கணக்கு இடித்தால் அந்தப் பக்கத்தைச் சரி பார்ப்பீர்களா, பேரேட்டையே கிழித்துப் போட்டுவிட்டு ஒன்றாம் தேதிக்குப் புதுசு வாங்குவீர்களா?

அடுத்தது அந்த 70. எங்கிருந்து வந்தது? கல்லூரிப் போட்டோவிலிருந்து. டாக்டர் சொல்லவில்லை. அமெரிக்காவில் நடந்த பெரிய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வு 2002-ல் வெளியானது. அதில் வைத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதம்தான். நடையும் சாப்பாட்டு மாற்றமுமாகச் சேர்ந்து சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு 7 சதவீதம் என்றால் ஆறரைக் கிலோ. 87, 88-க்கு வந்தால் போதும். நம் ஊரில், சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வந்தது. எல்லோரும் உங்களைப் போல வாசலில் நின்றவர்கள். வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அதில் என்ன விசேஷம் என்றால், அவர்களுடைய எடை சொல்லிக்கொள்ளும்படி இறங்கவே இல்லை. மெஷின் அசையாத மாதத்திலும் உள்ளே நல்லது நடந்துகொண்டிருக்கலாம் என்பதற்கு இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன். 24 கிலோ இறங்க வேண்டும் என்று நினைக்கிறவருக்கு மூன்று கிலோ என்பது ஒன்றுமே இல்லை. ஆறரை என்று நினைக்கிறவருக்கு அது ஏறக்குறைய பாதி வழி.

மச்சினர் சொன்ன கற்பனைக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1991-ல் கேப்ரியேல் ஓட்டிங்கன், தாமஸ் வாடன் இருவரும் எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். "என்னால் முடியும்" என்று எதிர்பார்த்தவர்கள் அதிகம் குறைத்தார்கள். அந்த அளவில் நம்பிக்கை வேலை செய்கிறது. ஆனால் இளைத்த பிறகு எப்படி இருப்போம் என்று இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்கள் குறைவாகத்தான் இளைத்தார்கள். அந்த ஐந்து நிமிடம் நன்றாக இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். போய்ச் சேர்ந்துவிட்ட சந்தோஷம் அங்கேயே கிடைத்துவிட்டால் யார் எழுந்து நடப்பார்கள்? போட்டோ இருக்கட்டும், நல்ல ஞாபகம். எண்ணை மட்டும் அழித்துவிடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில், இன்று எங்கே சறுக்கும் என்று யோசியுங்கள். நாலரை மணி போண்டாவா? "போண்டா வந்தால் நான் டம்ளரை எடுத்துக்கொண்டு குடோன் பக்கம் நடந்துகொண்டே டீ குடிப்பேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். போண்டாவைப் பார்த்த பிறகு யோசித்தால் போண்டாதான் ஜெயிக்கும்.

அடுத்த கல்யாணத்துக்கும் இதே மாதிரி ஒரே ஒரு முடிவு போதும். பந்தியில் நன்றாகச் சாப்பிடுங்கள், பெரியப்பா மனம் குளிரட்டும். அடுத்த வேளை வழக்கமான இரண்டு இட்லி, ஒரு முட்டை. பட்டினி கிடந்து ஈடுகட்டவே கூடாது, அது மூன்றாம் நாள் இன்னொரு கூத்தில் கொண்டுபோய் விடும். நான்கு நாளைக்கு எடை மெஷின் பக்கம் போக வேண்டாம். ஒன்றாம் தேதி, திங்கட்கிழமை, சித்திரை ஒன்று, இதெல்லாம் காலண்டர் அச்சடிக்கிறவர்களுக்கு வேண்டிய தேதிகள்.

---

மீனா_தஞ்சை

மேடம் எழுதியது நன்றாக இருந்தது, ஆனாலும் எனக்கு இந்த "மைண்ட்செட்" என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். எனக்கு 29 வயது. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி), கூடவே தைராய்டு. வீட்டுக்கு வருகிற சித்தியிலிருந்து பால்காரர் வரை "வாயைக் கட்டினா போதும்மா" என்கிறார்கள். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு கிளினிக்கில் எடை மெஷின் வராந்தாவில், டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நேர் எதிரில் இருக்கும். நர்ஸ் "எம்பத்திரெண்டு!" என்று உள்ளே இருக்கும் டாக்டருக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். உள்ளே போனால் "மனசு வச்சா முடியும்மா" என்ற ஒரு வரி, அப்புறம் மாத்திரைச் சீட்டு. அந்த வராந்தாவுக்குப் பயந்தே நான் போகாமல் விட்டேன், மாத்திரையும் விட்டுப் போனது. இப்போது போகிற இடத்தில் மெஷின் அறைக்குள்ளே இருக்கிறது. "நம்பர் பாக்கணுமா, திரும்பி நிக்கிறீங்களா?" என்று கேட்கிறார்கள். நான் திரும்பி நிற்பேன். மாத்திரை ஒழுங்காகப் போகிறது, நடக்கிறேன், மாதவிடாய் முறையாகிவிட்டது. எடையும் மெதுவாக இறங்குகிறதாம். எண் தெரியாது, சுடிதார் சொல்கிறது.

கணக்கர் அண்ணா, மனசைக் குறை சொல்லும் முன் தைராய்டு பார்த்தீர்களா? ஏற்கெனவே ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா?

---

வைகைக்கரை_டயட்டீஷியன்

மீனா, அந்த வராந்தாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. எங்கள் கிளினிக்கிலும் மெஷின் ரொம்ப நாள் வெளியில்தான் இருந்தது, ஏறும் முன் செருப்பு, பெல்ட், செல்போன், சட்டைப்பையில் இருக்கும் சில்லறை, மூக்குக் கண்ணாடி வரை கழற்றி வைப்பார்கள். கண்ணாடி என்ன எடை இருக்கப் போகிறது? அவ்வளவு பயம். வெட்கப்படுத்தினால் இளைப்பார்கள் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இங்கிலாந்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களை நான்கு வருட இடைவெளியில் பார்த்த ஆய்வு 2014-ல் வெளியானது. எடைக்காகத் தங்களைத் தாழ்வாக நடத்துகிறார்கள் என்று சொன்னவர்கள் அந்த நான்கு வருடத்தில் எடை கூடியிருந்தார்கள். சித்தியிடம் சொல்லிப் பாருங்கள், கேட்க மாட்டார் என்றாலும்.

ஒரு சின்னத் திருத்தம். தைராய்டு குறைவதால் மட்டும் ஏறும் எடை பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து கிலோ வரைதான். அதுவும் நிறைய தண்ணீர். பிசிஓஎஸ் வேறு, அதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் பசியும் கொழுப்புச் சேமிப்பும் கூடும். மாத்திரை பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், வலிப்புக்கும் மனநோய்க்கும் தரும் சில மருந்துகள் எடையை ஏற்றும். அதற்காக யாரும் தானாக நிறுத்திவிடக் கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள்.

---

கலோரி_கந்தசாமி

மேடம், எல்லாம் சரி. கடைசியில் நீங்களும் கலோரியில்தானே வந்து நின்றீர்கள்? பரோட்டாக் கணக்கு போட்டது நீங்கள்தான். உடம்புக்கு எண்ணம் தெரியாது என்று நான் சொன்னதில் என்ன தப்பு?

---

வைகைக்கரை_டயட்டீஷியன்

தப்பே இல்லை சார், பாதி. கலோரிதான் எடையை முடிவு செய்கிறது. அந்தக் கலோரியை வாய்க்குக் கொண்டுபோகிற கை யாருடையது என்பதைத்தான் நான் பேசுகிறேன். தராசு நல்ல பொருள், ஆனால் தராசில் வைக்காமல் நின்றுகொண்டே தின்கிற முறுக்கை அது நிறுக்காது.

அப்புறம், உடம்புக்கு எண்ணம் கொஞ்சம் தெரியும். 2011-ல் ஆலியா கிரம் என்பவர் வெளியிட்ட ஆய்வில் ஒரே மில்க்‌ஷேக்கை, 380 கலோரி, இரண்டு லேபிள் ஒட்டி ஒரே ஆட்களுக்கு வெவ்வேறு நாளில் கொடுத்தார்கள். ஒன்றில் 140 கலோரி, "டயட்" மாதிரி. இன்னொன்றில் 620 கலோரி, விருந்து மாதிரி. விருந்து என்று நினைத்துக் குடித்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் ரத்தத்தில் நன்றாக இறங்கியது. டயட் என்று நினைத்தபோது பெரிதாக அசையவில்லை. ஆனால் 46 பேர், ஒரு டம்ளர், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. யாருக்கும் எடை குறைந்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை. இதைக் காட்டி "எண்ணத்தால் இளைக்கலாம்" என்று யாராவது ஆன்லைனில் கோர்ஸ் விற்றால் பணம் கட்டிவிடாதீர்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. கேழ்வரகுக் களியோ கொள்ளு ரசமோ, "ஐயோ, டயட் சாப்பாடு" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடாதீர்கள். தட்டில் போட்டு, உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிடுங்கள்.

---

ஈரோட்டுக்_கணக்கர்

மேடம், மனைவியிடம் படித்துக் காட்டினேன். பேரேட்டைக் கிழிப்பீர்களா என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்தாள். "அப்ப மனசு இல்லைன்னு நான் சொன்னது தப்புங்களா" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போய்விட்டாள். எண்ணை அழித்தாயிற்று. ஸ்கெட்ச் பேனா என்பதால் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்க்க வேண்டியதாயிற்று. மீனா தங்கச்சி, தைராய்டு பார்த்துவிட்டேன், சரியாக இருக்கிறது. வேறு மாத்திரை ஒன்றும் இல்லை.

இரண்டு சந்தேகம். தினமும் எடை பார்க்கலாமா, கூடாதா? மச்சினன் தினம் பார் என்கிறார், மீனா பார்க்காமலே இருக்கிறார். இன்னொன்று, எங்களுக்கு வாரச் சந்தை நாளில் ராத்திரி முழுக்க வேலை. வெளியூர் வியாபாரிகள் விடிய விடிய வருவார்கள். அடுத்த நாள் எனக்குப் பசி கட்டுக்கடங்காது. அன்றைக்கு மட்டும் எந்தத் திட்டமும் நிற்பதில்லை. அதுவும் மனம்தானா?

---

வைகைக்கரை_டயட்டீஷியன்

சந்தை நாள் விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா சார்? அது மனம் இல்லை, தூக்கம். 2004-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு ராத்திரி நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். நிறைய நேரம் படுத்த நாட்களோடு ஒப்பிட்டால் கிரெலின் 28 சதவீதம் கூடியது, வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. இனிப்பும் மாவுமாகத்தான் ஆசை வந்தது. அந்த நாளில் உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள வேண்டாம். சந்தைக்குப் போகும் முன்பே மறுநாள் சாப்பாட்டை முடிவு செய்து வீட்டில் சொல்லிவிடுங்கள்: இரண்டு முட்டை, சுண்டல், தயிர், கீரை என்று வயிற்றை நிரப்புகிற மாதிரி. அளவு கூடினாலும் பரவாயில்லை. மதியம் ஒரு மணி நேரமாவது படுங்கள். அன்றைக்கு இலக்கு இளைப்பது கிடையாது, அன்றைய நாளைக் கடப்பது.

எடை பார்ப்பது ஆளைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1994-லிருந்து ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். 13 கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருடமாவது அதை ஏற விடாமல் வைத்திருப்பவர்கள் அதில் சேரலாம். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். ஆனால் பார்த்ததனால் நிலைத்தார்களா, நிலைத்தவர்கள் தைரியமாகப் பார்க்கிறார்களா என்று அதிலிருந்து சொல்ல முடியாது. மெஷினில் ஏறி இறங்கிய பின் அன்றைய சாப்பாடு மாறுகிறதா என்று கவனியுங்கள். கூடியிருந்தால் வெறுத்துப்போய்த் தின்பது, குறைந்திருந்தால் பரிசாகத் தின்பது, இந்த இரண்டில் ஒன்று நடந்தால் உங்களுக்குத் தினசரி எடை ஆகாது. மீனா மாதிரி இருங்கள். நடக்கவில்லை என்றால் தினம் பாருங்கள், ஆனால் வாரச் சராசரியை மட்டும் எழுதுங்கள். சராசரி எடுப்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூடவே மாதம் ஒருமுறை இடுப்பையும் அளந்துகொள்ளுங்கள். பேன்ட் கட்டும் இடத்தில் வேண்டாம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, தொப்பையை எக்காமல். நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது.

---

ஈரோட்டுக்_கணக்கர்

எக்காமல் அளந்தேன். 108. எக்கி அளந்தது 101, அதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் கிடா வெட்டு மேடம், பிரியாணி எத்தனை கரண்டி என்று சொல்லிவிடுங்கள்.

---

வைகைக்கரை_டயட்டீஷியன்

கரண்டிக் கணக்கு சொல்ல மாட்டேன், சொன்னால் ஒரு கரண்டி கூடியதும் திரும்பவும் வெள்ளம் தலைக்கு மேல் போய்விடும். ஒரு தட்டு, கறி கொஞ்சம் தாராளமாக, வெங்காயப் பச்சடி அதைவிடத் தாராளமாக. முடித்ததும் இலையை விட்டு எழுந்துவிடுங்கள், உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் யாராவது வந்து போடுவார்கள். ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்க்க வேண்டாம், வழக்கமானதைச் சாப்பிடுங்கள். மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி எடுத்து இங்கே போடுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் எடுத்தால் போதாது.